கறுத்துப்போன பால்பல் செத்த பல்லா?

என் தங்கை மகளுக்கு இரண்டு வயது. கட்டில் விளிம்பில் வாய் இடித்து விழுந்தாள். உதடு வீங்கி, கொஞ்சம் ரத்தம் வந்து, சாயங்காலத்துக்குள் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டாள். பல் உடையவில்லை, ஆடவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் பல் துலக்கிவிடும்போதுதான் தங்கை பார்த்திருக்கிறாள்: மேல் முன்பல் இரண்டில் ஒன்று மட்டும் சாம்பல் நிறம், ஈறு ஓரத்தில் லேசான ஊதா. படம் அனுப்பிய கையோடு போன். "அண்ணா, பல்லு செத்துப்போச்சா? பிடுங்கணுமா?"

நடை பழகும் வயதில் குப்புற விழும் பிள்ளைக்கு முதலில் அடிபடுவது மேல் முன்பற்களில்தான், அதனால் இந்தக் கேள்வி பல வீடுகளில் வரும். அவளுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பல்லின் அமைப்பு பள்ளியில் படித்ததுதான்: வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த பற்கூழ். இந்தக் கூழுக்கு ரத்தம் வந்துபோகும் முக்கிய வாசல் வேரின் நுனியில் இருக்கிறது. அடி விழுந்ததும் அந்த இடத்தில் முதலில் நசுங்குவது சுவர் மெல்லியதான சிரைகள். தமனி வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போகத்தான் வழியில்லை. கையாக இருந்தால் வீங்கி இடம் கொடுக்கும். பல்லுக்குள் நாலு பக்கமும் கல் மாதிரி சுவர், வீங்க இடமே இல்லை. அழுத்தம் ஏறி நுண்குழாய்கள் உடைந்து கூழுக்குள் ரத்தம் கசிகிறது. அடிபட்ட சில நாட்களில் சில பிள்ளைகளின் பல் இளஞ்சிவப்பாகத் தெரிவது இதனால்தான்.

இதற்கு அடுத்து நடப்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் சலிக்காத விஷயம். டென்டின் பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும், கூழிலிருந்து எனாமலை நோக்கி ஓடும் நுண்குழல்களால் ஆனது. நிலைப்பற்களில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கூழை ஒட்டிய பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு, அதாவது ஒரு கேழ்வரகு மணி உட்காரும் இடத்துக்குள், ஏறக்குறைய 45,000 குழல்கள்! ஒவ்வொன்றின் விட்டமும் அங்கே சுமார் 2.5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). சிவப்பணுவின் விட்டமோ 7 மைக்ரானுக்கு மேல், முழுசாக உள்ளே போவது கடினம். ஆனால் தேங்கிய ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. அந்த மூலக்கூறின் குறுக்களவு 5, 6 நானோமீட்டர்தான் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்), குழலின் அகலத்தில் நானூறு ஐந்நூறு மூலக்கூறுகளை வரிசையாக நிறுத்திவிடலாம். அப்படித்தான் அந்தச் சாயம் டென்டினுக்குள் ஊறுகிறது. பால்பல்லின் எனாமலும் மெல்லியது, உள்ளே ஊறிய நிறம் அப்படியே வெளியே தெரிந்துவிடுகிறது.

முழங்காலில் அடிபட்டுக் கன்றிப்போன இடத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் ஊதா, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள், இரண்டு வாரத்தில் காணாமல் போய்விடும். அங்கே விழுங்குசெல்கள் வந்து ஹீமோகுளோபினைச் சிதைத்து, அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. டென்டின் குழல்களுக்குள் அந்த விழுங்குசெல்கள் நுழைய முடியாது. இரும்பு கலந்த சிதைபொருள்கள் அங்கேயே தங்கி, சாம்பலாகவும் பழுப்பாகவும் தெரிகின்றன. தங்கை பார்த்தது, துடைக்க ஆளில்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ரத்தக்கட்டு. கூழ் உயிரோடு இருந்தால் பல பற்களில் மாதக்கணக்கில் நிறம் மெல்ல வெளிறுவதும் உண்டு.

அதனால் நிறத்தை வைத்து மட்டும் பல் செத்தது என்று சொல்ல முடியாது. சாம்பல் பல்லுக்குள் கூழ் உயிரோடும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம். செத்த கூழில்கூடக் கிருமி சேராதவரை பல் அமைதியாக இருந்து, காலம் வரும்போது விழுந்துவிடலாம். சில பற்கள் மஞ்சளாக மாறும். அடிபட்ட கூழ் அவசர அவசரமாகப் புது டென்டினைக் கட்டித் தன் அறையைத் தானே அடைத்துக்கொண்டதன் அடையாளம் அது, பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை. சர்வதேசப் பல்காயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் நிறம் மாறியது என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சை வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பார்க்க வேண்டியது ஈறை. வேருக்கு நேரே கொப்புளம் மாதிரி சீழ்க்கட்டி, வீக்கம், கடித்தால் வலி, திடீரென்று அதிக ஆட்டம், இதில் ஒன்று வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. ஏனென்றால் அந்த வேருக்குப் பின்னால், மிக அருகில், நிலைப்பல்லின் முளை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வயதில் அதன் எனாமல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். அடியோ சீழோ அதைத் தொட்டால், ஏழு வயதில் வரும் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டு விழலாம். "பால்பல்தானே, விழப்போறதுதானே" என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான். ஒரு பல் மட்டும் இல்லாமல் பல பற்கள் கறுத்திருந்தால் கதை வேறு: இரும்புச்சத்து டானிக்கின் மேற்கறையாக இருக்கலாம், சொத்தையாகவும் இருக்கலாம்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரிந்தது? டென்மார்க்கின் கோபன்ஹேகனில் யென்ஸ் ஆண்ட்ரியாசென் போன்ற பல்காய ஆய்வாளர்கள் அடிபட்ட பற்களை வருடக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்ததால். அதற்கு முதலில் வேண்டியது எக்ஸ்ரேயும் ஒழுங்கான பதிவேடும், ஒரே குழந்தையை ஐந்தாறு வருடம் திரும்பத் திரும்பக் கூப்பிடும் பொறுமையும்தான். இந்த மாதிரி மெதுவான ஆய்வுக்கு நம் ஊரிலும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் அம்மாவின் கவலை வேறு. இந்தப் பிள்ளைக்கு மேல்பல்தான் முதலில் முளைத்தது, அது தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள், இப்போது அதே பல் கறுத்தும்விட்டது. அந்த மாமன் நான்தான். முளைக்கும் வரிசை பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதற்கும் யாருடைய ஆயுளுக்கும் சம்பந்தம் இல்லை என்று அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இப்படி ஒரு பயத்தைக் குழந்தையின் வாயில் ஏற்றி வைப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

தங்கை அந்த வாரமே குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டினாள். எக்ஸ்ரேயில் வேர் சுத்தமாக இருந்தது. பிடுங்க வேண்டாம், மறுபடி எட்டு வாரத்தில் வாருங்கள் என்றார். இப்போது ஏழு மாதம் ஆகிறது. சாம்பல் வெளிறி, பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை மகளின் மேலுதட்டைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஈறைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள்.