ஏலத்துக்கு வரும் ஃபிலிம் பிரிண்ட்: முதலில் கருப்பு நிறத்தைப் பாருங்கள்

இணைய ஏலத்தில் பழைய 16 மி.மீ., 35 மி.மீ. பிரிண்டுகளின், அதாவது திரையில் ஓட்ட எடுத்த ஃபிலிம் பிரதிகளின், விலை படத்தின் பெயரை நம்பி ஏறுகிறது. ரீலில் எவ்வளவு நிறம் மிஞ்சியிருக்கிறது என்று பலர் கேட்பதே இல்லை. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை கோடக்கின் ஈஸ்ட்மன்கலர் ஃபிலிமில் போட்ட பிரிண்டுகளில் பெரும்பாலானவை சிவந்துவிட்டன. சிவந்த பிரிண்டுக்கு நிறத்தை மீட்டுத் தரும் ரசாயனம் எதுவும் கிடையாது.

கலர் பிரிண்டில் மூன்று எமல்ஷன் (ஒளி உணரும் பூச்சு) அடுக்குகள் உண்டு. டெவலப் செய்யும்போது அவற்றில் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (நீலப்பச்சை) சாயங்கள் உருவாகும். படப் பகுதியில் இருந்த வெள்ளி பிறகு நீக்கப்படுவதால், மிஞ்சுவது கரிமச் சாயம் மட்டுமே. அது கெட ஒளி படவேண்டியதில்லை. டப்பாவுக்குள் இருட்டில் கிடந்தாலும் வெப்பமும் ஈரமும் சிதைத்துவிடும். அந்தக் கால ஃபிலிமில் முதலில் போவது சயான். மஞ்சளும் மெல்லக் குறையும். தாக்குப்பிடிப்பது மெஜந்தாதான், படம் இளஞ்சிவப்பாவது அதனால்தான்.

சயானின் வேலை சிவப்பு ஒளியைத் தடுப்பது. அதை அடர்த்தி என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் ஒன்று கூடினால் கசியும் ஒளி பத்தில் ஒன்றாகும். நல்ல கருப்பில் அந்த அடர்த்தி 3 என்று வைத்துக்கொள்வோம்: சிவப்பு ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கசியும். அடர்த்தி 1ஆக இறங்கினால் பத்தில் ஒரு பங்கு கசியும், அதாவது நூறு மடங்கு. இரவுக் காட்சிகள் கருஞ்சிவப்பாகத் தெரிவது இதனால்தான். புரொஜெக்டர் லென்ஸ் முன் சயான் ஃபில்டர் வைத்தால் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. ஆகாது. சாயம் இருளில் நிறையவும் வெளிச்சத்தில் கொஞ்சமாகவும், இடத்துக்கு இடம் மாறி இருந்தது. ஃபில்டரோ எல்லா இடத்திலும் ஒரே அளவு. வெள்ளைச் சட்டை நீலப்பச்சை பூசிக்கொள்ளும், கருப்பு சிவப்பாகவே நிற்கும், திரையும் மங்கும்.

ஏலப் பக்கத்துப் படங்கள் ஏமாற்றுவது இன்னொரு வழியில். செல்போன் கேமரா தானாகவே வண்ணச் சமன் செய்து சிவப்பைக் குறைத்துக் காட்டும். விற்பவர் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் இது நடக்கும். எனவே ஃபிலிமை லைட் பாக்ஸ் மேல் வைத்து, ஓரத் துளைகளும் தெரியும்படி எடுத்த படத்தைக் கேளுங்கள். துளை வழியே தெரிவது வெறும் ஒளி. அது வெள்ளையாக இருந்தால் கேமரா நிறத்தைத் திருத்தவில்லை என்று பொருள். பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் படத்தை நம்பாதீர்கள். இரவுக் காட்சி ஒன்று, பச்சை இலையோ நீல வானமோ உள்ள காட்சி ஒன்று, இரண்டையும் கேளுங்கள். முகங்களின் குளோஸப் மட்டும் அனுப்பினால் சந்தேகப்படுங்கள்: தோல் நிறம் சிவப்பை எளிதில் மறைத்துவிடும்.

ஓர எழுத்தும் பேசும். எல்பிபி (LPP) என்று அச்சாகியிருந்தால், 1980களில் கோடக் கொண்டுவந்த, சாயம் நிலைக்கும் ஃபிலிம். நல்ல விலை கொடுக்கலாம். கோடக்கின் பழைய ஆண்டுக் குறிகளான வட்டம், சதுரம், முக்கோணம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்தவை. அவற்றை மட்டும் வைத்து வயது சொல்லிவிட முடியாது. டைட்டிலில் டெக்னிக்கலர் என்று இருப்பதும் சான்று ஆகாது. அந்தப் பெயர் போட்ட பல படங்களின் பிரிண்டுகள் ஈஸ்ட்மன் ஃபிலிமில் வந்தவைதான். சாயத்தை அச்சுப்போல் ஒற்றியெடுத்த அசல் டெக்னிக்கலர் பிரிண்டில் ஒலித்தடம் வெள்ளியால் ஆனது, சாம்பல் கலந்த கருப்பாகத் தெரியும். அத்தகைய பிரிண்டின் நிறம் இன்றும் நிற்கிறது. விலை அதிகமானாலும் தகும்.

நீளத்தைக் கணக்குப் போடாமல் ஏலம் கேட்காதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 16 மி.மீ. நிமிடத்துக்கு 36 அடி ஓடும், 35 மி.மீ. 90 அடி. 90 நிமிடப் படம் 16 மி.மீ.-இல் 3,240 அடி. விற்பவர் 1,600 அடி ரீல் ஒன்றும் 1,200 அடி ரீல் ஒன்றும் காட்டினால், பன்னிரண்டு நிமிடமாவது காணவில்லை.

விலை ஏன் இறங்குவதில்லை? பொருளின் நிலை யாருக்கும் சரியாகத் தெரியாத ஏலத்தில், ஒவ்வொருவரும் ஒரு மதிப்பை ஊகிக்கிறார்கள். ஜெயிப்பவர், எல்லோரையும்விட அதிகமாக ஊகித்தவர். பொருளாதாரத்தில் இதை வென்றவரின் சாபம் என்பார்கள். அவர் கொடுத்த தொகை அடுத்த விற்பனையாளருக்குச் சந்தை விலையாகிவிடுகிறது. சிவந்த பிரிண்டுக்கும் நல்ல பிரிண்டின் விலை ஒட்டிக்கொள்கிறது. நிறத்தைக் காட்டும் படம் வராதவரை, பிரிண்ட் சிவந்தது என்றே எண்ணி விலை சொல்லுங்கள்.

பெட்டி வந்ததும் புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாடை அடித்தால் ஃபிலிமின் அசிடேட் (ஒருவகை பிளாஸ்டிக்) அடித்தளம் சிதைகிறது. அமிலத்தைக் காட்டும் ஏ-டி சோதனைத் தாளை மூடிய டப்பாவுக்குள் 24 மணி நேரம் வையுங்கள்: நீலமாகவே இருந்தால் நலம், பச்சை என்றால் சிதைவு தொடங்கிவிட்டது, மஞ்சள் என்றால் முற்றிவிட்டது. அத்தகைய ரீலை மற்ற ரீல்களோடு வைக்கக் கூடாது. பிறகு 16 மி.மீ. பிரிண்டில் 100 ஃபிரேம் நீளத்தை அளந்து பாருங்கள். 762 மி.மீ. இருக்க வேண்டும். 754-க்குக் கீழே வந்தால் சுருக்கம் 1 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சாதாரண புரொஜெக்டரின் பற்கள் ஃபிலிமின் துளைகளைக் கிழித்துவிடும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றையெல்லாம் செய்து, அளவுகோலை ஃபிலிமோடு சேர்த்துப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பிவிடுங்கள்.