கவுனி ஊறிய தண்ணீர்

மதுரை கீழமாசி வீதியில் வாங்கி வந்த கருப்புக் கவுனி அரிசியை ராத்திரி ஊறப்போட்டோம். காலையில் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி நின்றது. "சாயம் ஏத்தி விக்கிறானோ?" என்று அம்மா அதைக் கொட்டப் போனார். தடுத்து, இரண்டு கிண்ணத்தில் எடுத்துவைத்தேன். ஒன்றில் எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவந்தது. மற்றதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டேன். நீலம் தட்டி, பிறகு பச்சையாக மங்கியது.

இது அரிசியிலேயே இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமியின் குணம். அமிலம் பட்டால் அதன் மூலக்கூறு ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சும் ஒளி மாறும், கண்ணுக்குத் தெரியும் நிறமும் மாறும். நீலச் சோளப்பூவுக்கும் சிவப்பு ரோஜாவுக்கும் சயனிடின் என்ற ஒரே நிறமிதான் நிறம் தருகிறது என்று கண்டவர் ஜெர்மனியின் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர். தாவர நிறமி ஆய்வுக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்றார். கவுனியின் கருமையிலும் பெரும்பங்கு அதே சயனிடின்தான், ஒரு குளுக்கோஸைத் தோளில் சுமந்தபடி.

நிறம் முழுக்கத் தவிட்டில்தான் இருக்கிறது. ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை. தீட்டினால் நிறமும் நார்ச்சத்தும் சேர்ந்தே போய்விடும்.

சரி, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? சோற்றின் மாவுச்சத்து ஒரு நீளச் சங்கிலி. எச்சிலும் கணையநீரும் அதைத் துண்டாக்க, சிறுகுடல் சுவரில் இருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதி கடைசி வெட்டை வெட்டிக் குளுக்கோஸை விடுவிக்கிறது. ஆந்தோசயனின் போன்ற நிறமிகள் இந்த நொதிகளில் ஒட்டி வேகத்தைக் குறைப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது, பல மடங்கு வலுவாக. அதனால் கவுனியை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இரத்தத்தில் அப்படியே சேரும் ஆந்தோசயனின் மிகக் கொஞ்சம். மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை உடைத்து புரோட்டோகேட்சுயிக் அமிலம் போன்ற சிறு சேர்மங்களாக்குகின்றன. உடலுக்குள் போய்ச் சேர்வதில் பெரும்பகுதி இவைதான். ஆக, கவுனி சாப்பிடும்போது நம்மோடு சேர்ந்து குடல் கிருமிகளும் சாப்பிடுகின்றன.

சர்க்கரை மெதுவாக ஏற நிறம் மட்டும் போதாது என்பதற்குக் கேப்பை சாட்சி. அதன் செந்தவிட்டுத் தோலிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு, தோலோடுதான் அரைக்கிறோம். ஆனாலும் நைஸாக அரைத்துக் கூழாய்க் காய்ச்சினால் மாவு சீக்கிரம் செரித்து, சர்க்கரை சட்டென்று ஏறலாம். மணியாக, மென்று தின்பதற்குத் தனிப் பலன் இருக்கிறது. செட்டிநாட்டுக் கவுனி இனிப்பில் சர்க்கரையைக் கொட்டிவிட்டால் தவிடு செய்யும் வேலை அங்கேயே அடிபட்டுப் போகும்.

அம்மா இப்போது கவுனியை முதலில் ஒருமுறை லேசாக அலசிவிட்டு, அப்புறம் ஊறப்போடுகிறார். ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கிறார். கொதியில் நிறமி கொஞ்சம் சிதையும், ஆனால் சாக்கடைக்குப் போகாது. குக்கரைத் திறந்தால், மேலே தூவிய தேங்காய்ப் பூவிலும் ஊதா ஏறுகிறது.