டார்க் ரென்ச் வாங்குகிறீர்களா? சிறியதில் தொடங்குங்கள்

வீட்டிலேயே ஆயில் மாற்றி, செயினைச் சரிசெய்துகொள்கிறவர்களைப் பார்த்தால் ஒரு மெக்கானிக்காக எனக்கு மகிழ்ச்சிதான். வண்டியைத் தானே தொட்டுப் பழகியவருக்கு அதன் சத்தம் சற்று மாறினாலும் தெரிந்துவிடும். ஆனால் அவர்களில் சிலர் பட்டறைக்குக் கொண்டுவரும் கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான்: எஞ்சினின் அலுமினிய உடலில் மரை உருவிக்கொண்டு வந்திருக்கும். ஆயில் வடிக்கும் போல்ட், கிளட்ச் மூடி போல்ட், ஸ்பார்க் பிளக் குழி, இந்த மூன்று இடங்களில்தான் அதிகம். "டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்கினேன்" என்பார்கள், அதாவது திருகும் விசையை அளந்து இறுக்க உதவும் ரென்ச். உண்மைதான், ஆனால் அந்த ரென்ச் அந்தப் போல்டுக்கு உரியதல்ல.

பலர் முதலில் வாங்குவது அரை அங்குலச் சதுர முனை கொண்ட, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அலகு) வரை போகும் பெரிய ரென்ச். பின்சக்கர ஆக்சில் நட் கழன்றுவிடுமோ என்ற அச்சமே காரணம். அச்சம் நியாயமானது. அந்த நட்டுக்குப் பல வண்டிகளில் 60 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை கேட்பார்கள். ஆனால் அங்கே எஃகோடு எஃகு சேர்கிறது. பல வண்டிகளில் நட் கழலாமல் காக்க ஒரு பூட்டு ஊசியும் (பின்) இருக்கிறது. கொஞ்சம் கூடக்குறைய இறுக்கினாலும் அது தாங்கும். எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் போகும் இடத்தில் அந்த மன்னிப்பு இல்லை. 6 மில்லிமீட்டர் போல்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர், ஆயில் போல்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 வரை. வீட்டில் நாம் அடிக்கடி கழற்றி மாட்டுபவை இவைதான். 40-இல் தொடங்கும் ரென்ச்சுக்கு இவற்றில் எந்த வேலையும் இல்லை.

நீளமும் ஒரு சிக்கல். 45 சென்டிமீட்டர் கைப்பிடியில் 10 நியூட்டன் மீட்டரை எட்ட, நுனியில் இரண்டேகால் கிலோ எடை அளவு அழுத்தினால் போதும். அவ்வளவு மெல்லிய விசையைக் கை உணர்வதற்குள் மரை போய்விடும். 20 சென்டிமீட்டர் ரென்ச்சில் அதற்கு ஐந்து கிலோ வேண்டும். கைக்குத் தெளிவாகத் தெரியும்.

ஆகவே என் பரிந்துரை: முதலில் கால் அங்குல முனையில் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது. அடுத்து 3/8 அங்குலத்தில் 20 முதல் 100 வரை. டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் போல்டுகளும் பெரும்பாலான ஆக்சில்களும் இதில் அடங்கிவிடும். உங்கள் சர்வீஸ் மேனுவல் 100-க்கு மேல் கேட்டால் மட்டுமே அரை அங்குலம். எதுவானாலும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பாதீர்கள். வைத்த அளவை எட்டியதும் 'கிளிக்' சத்தமிடும் ரென்ச்சின் பிழை 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 6789 தரநிலை. உச்சமே 10 நியூட்டன் மீட்டருக்கு மிகாத சிறியவற்றுக்கு 6 சதவீதம். சோதனைச் சான்றிதழில் உள்ள எண்ணும் ரென்ச்சில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

முள் காட்டும் எளிய ரென்ச்சை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு. தளர்ந்துபோக அதில் ஸ்பிரிங் கிடையாது. முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்பது பார்த்தாலே தெரியும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அளவை நேராகப் படிப்பதுதான் கடினம். எலக்ட்ரானிக் ரென்ச் நல்லதே, பேட்டரியைக் கவனித்துக்கொண்டால்.

அலகில் கவனம் வேண்டும். ஒரு அடி-பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். ஆயில் போல்டுக்கு 30 நியூட்டன் மீட்டர் என்று படித்துவிட்டு ரென்ச்சின் அடி-பவுண்டு கோட்டில் 30 வைத்தால், ஏறத்தாழ 41 நியூட்டன் மீட்டர் விழும். பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் இருக்கும்; அதை 9.81-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவிய மரையும் ஏமாற்றும். இறுக்கும் விசையில் பெரும்பகுதியை உராய்வுதான் தின்கிறது. உராய்வு குறைந்தால் அதே அளவுக்கே போல்ட் கூடுதலாக இழுபடும். மேனுவல் எண்ணெய் இடச் சொல்லாத இடத்தில் மரையைத் துடைத்து உலர்வாக மாட்டுங்கள்.

பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள். முதல் கிளிக்கில் கையை எடுத்துவிடுங்கள். உறுதிக்காக இன்னொரு முறை என்பது கூடுதல் இறுக்கம்தான். கழற்ற இதைப் பயன்படுத்தவே வேண்டாம். வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த கோட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள், அதற்கும் கீழே திருப்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5000 கிளிக்குக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் அந்தக் கெடு வரும்வரை காத்திருக்காமல் உடனே கொடுத்துவிடுங்கள்.