பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்கிறீர்களா? முதலில் பழைய கட்டடம் யாருடையது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்குப் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-23 பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். நபார்டு வங்கிக் கடன் இருக்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் இருக்கிறது. அதில் மத்திய அரசின் பங்கு 2024-25இல் வராமல் நின்றது தனிக்கதை. இவ்வளவு இருந்தும் உங்கள் ஊருக்கு வரவில்லை என்றால், பெரும்பாலும் மனு தப்பான மேசையில் கிடக்கும். இல்லாவிட்டால், அந்தப் பள்ளியில் குறையே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருக்கும்.

கிராமத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். ஆசிரியர் கல்வித் துறையின் ஆள். கட்டடமோ ஒன்றியத்தின் சொத்து; அதைக் கவனிப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.). வட்டாரக் கல்வி அலுவலரிடம் போனால் "பி.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க" என்பார். அங்கே போனால் "கல்வித் துறை லெட்டர் வரட்டும்" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்திலேயே ஒரு கல்வியாண்டு முடிந்துவிடும். அதனால் பி.டி.ஓ.வுக்கு மனு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல் என்று ஒரே நாளில் கொடுத்து, இரண்டு இடத்திலும் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர்; கட்டுவது பொதுப்பணித் துறை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் அந்தத் துறையின் மாவட்ட அலுவலர், கட்டுவது தாட்கோ என்ற அரசுக் கழகம். அரசு உதவிபெறும் பள்ளியில் அரசு தருவது ஆசிரியர் சம்பளம்தான், கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்காக பி.டி.ஓ. ஆபீஸ் படியேறி வீணாக அலையாதீர்கள்.

தரம் உயர்த்திய பள்ளியில்தான் பெரிய சிக்கல். ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கினால் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே எல்லாம் கல்வித் துறைக்குப் போய்விடும். ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றியத்திடமே இருக்கும். வளாகம் ஒன்று, தலைமையாசிரியர் இரண்டு பேர். பழைய கட்டடத்தில் ஒழுகும்போது இரண்டு துறையும் "அது எங்களோடது இல்லை" என்று சொல்லிவிடும். எந்த அறை எந்தப் பள்ளியின் பெயரில் இருக்கிறது என்று சொத்துப் பதிவேட்டில் பார்த்து, அதன் நகலோடு போனால்தான் பேச முடியும். பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் என்றால், எஸ்டிமேட் போட வந்த பொறியாளர் அப்படியே திரும்பிப் போவார்.

அப்புறம் யுடைஸ் என்ற பள்ளித் தகவல் பதிவு. ஒவ்வொரு பள்ளியும் வருடா வருடம் தன் வகுப்பறைகளில் எத்தனை நல்ல நிலை, எத்தனை சிறு பழுது, எத்தனை பெரும் பழுது என்று இதில் பதிவு செய்கிறது. நிதி ஒதுக்குபவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் தகவலைத்தான், உங்கள் சுவரை அல்ல. காரை பெயர்ந்து கம்பி தெரியும் அறையை "நல்ல நிலை" என்று பதிந்து வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. போன வருடப் பதிவை அப்படியே ஏற்றிவிடுவார்கள், அல்லது மேலே கேள்வி வருமே என்ற பயம். யுடைஸ் இணையதளத்தில் பள்ளி பெயரைப் போட்டால் அறிக்கை வரும். தவறு இருந்தால் சண்டை போடாமல், அடுத்த பதிவில் திருத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான கட்டடங்களை இடிக்கும் வேலை வேகமாக நடந்தது. இடித்த வேகம் கட்டுவதில் இல்லை. ஆபத்தான அறையைப் பூட்டுவதற்கு ஒருநாளும் தடை சொல்லாதீர்கள். ஆனால் இடிக்கச் சொல்லும் அதே பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் மாற்று இடமும் புதுக் கட்டடத்துக்கான மதிப்பீடும் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் ஒரே அறையில் ஐந்து வகுப்பும் உட்காரும், பெற்றோர் டி.சி. வாங்குவார்கள், பிறகு "இருபது பிள்ளைக்கு எதுக்குப் புதுக் கட்டடம்" என்று அதிகாரிகளே கேட்பார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். இருபது பிள்ளை இருந்தாலும் இரண்டு அறை வேண்டும் என்பதுதான் சட்டம்.

திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். அது படிப்படியாக இறங்கித் தலைமையாசிரியரிடமே வரும். அவர் "நிதி வந்ததும் செய்யப்படும்" என்று எழுதுவார், மனு முடிக்கப்பட்டதாகக் கணக்கு. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் அப்படியல்ல. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் அடிப்படையில்தான் மானியம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவே சொல்கிறது. தலைவர் பெற்றோர் என்பதால் மெமோ பயமும் கிடையாது. "கட்டடம் மோசம்" என்று எழுதினால் போதாது. எந்தப் பக்கத்து எத்தனை அறை, கட்டிய ஆண்டு, எங்கே விரிசல், எத்தனை பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதி, போட்டோ வைத்து, கிராம சபையிலும் அதையே தீர்மானமாகப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையா? அதே சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் புகார் என்று தலைப்பிலேயே போட்டுக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் உங்களையும் அழைத்து விசாரித்து முடிவு சொல்லியாக வேண்டும்.

கட்டடம் கட்டுவதற்கான முன்னுரிமைப் பட்டியலில் உங்கள் பள்ளி இருக்கிறதா என்று தெரிய, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள். "ஏன் கட்டவில்லை" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். இந்த ஆண்டு அனுப்பிய முன்னுரிமைப் பட்டியலின் நகல், உங்கள் பள்ளிக்குப் போட்ட மதிப்பீட்டின் நகல், அது அனுப்பப்பட்ட தேதி என்று மட்டும் கேளுங்கள்.