அடைமுட்டைக்குள் மூலிகைச் சாறு: ஊசியை எடுக்கும் முன்

நாட்டுக்கோழி வளர்க்கும் பண்ணையாளர் ஒருவர், மஞ்சளும் துளசியும் அரைத்து வடிகட்டிய சாற்றை இன்குபேட்டரில் இருந்த முட்டைகளுக்குள் ஊசி வழியே செலுத்தியிருந்தார். பொரியாமல் போன முட்டைகளை என்னிடம் கொண்டுவந்தபோது, "மூலிகைதானே டாக்டர், என்ன கெடுதல் செய்துவிடும்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். சிறகு முழுவதும் முளைத்த குஞ்சு உள்ளே இறந்து கிடந்தது. துளை இட்ட இடத்தில் ஓட்டின் உட்சவ்வு பச்சையாக அழுகியிருந்தது.

அவருடைய எண்ணம் அடிப்படையற்றது அன்று. முட்டைக்குள் மருந்து செலுத்தும் முறை, கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோயான மாரெக் நோய்க்கான தடுப்பூசிக்காக அமெரிக்கப் பொரிப்பகங்களில் 1992-லேயே வணிக அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இஸ்ரேலிய ஆய்வாளர் செஹாவா யூனியும் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஃபெர்கெட்டும் கருவுக்கு முட்டைக்குள்ளேயே ஊட்டம் அளிக்கும் முறைக்கு 2003-இல் காப்புரிமை பெற்றனர். பொரிவதற்கு முந்தைய நாட்களில் கரு தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரை விழுங்குகிறது என்பதால், அடைவைத்த 18-ஆம் நாளையொட்டி அந்த நீரில் சேர்ப்பது நேரே குடலைச் சென்றடையும். அதன்பின் குஞ்சு முட்டைக்குள் காற்று தங்கியிருக்கும் காற்றறையைக் குத்தி முதன்முதலாக நுரையீரலால் மூச்சுவிடும்போது, கொழுப்பு நிறைந்த அதன் திசுக்கள் ஆக்சிஜனேற்றச் சிதைவுக்கு எளிதில் ஆளாகின்றன. ஓமவல்லி வகைகள், பட்டை, கருஞ்சீரகம் போன்றவற்றின் சாறுகளை ஆய்வாளர்கள் நாடுவது இச்சிதைவைத் தடுக்கத்தான்.

ஆனால் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைத்துக் கொல்லும், ஓமவல்லியில் உள்ள கார்வக்ரால் போன்ற பொருள், அளவு மிகுந்தால் கருவின் திசுவையும் விட்டுவைக்காது. பொரிப்புத் திறனே குறைந்துவிடும். வீட்டில் அரைத்த சாற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல இயலாது. அதைவிடப் பெரிய ஆபத்து கிருமி. 18-ஆம் நாளுக்குள் வெள்ளைக்கருவின் பெரும்பகுதியைக் கரு விழுங்கிவிடுவதால், அதிலிருந்த இயற்கையான கிருமித் தடுப்பும் குறைந்திருக்கும், 37.5 டிகிரி வெப்பத்தில் அங்கே நுழையும் ஒரு துளி அசுத்த நீர், தொப்புள் அழற்சிக்கும் மஞ்சள்கரு அழுகலுக்கும் போதுமானது.

ஆகவே சிறு பண்ணையாளர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. மூலிகையைத் தாய்க்கோழியின் தீவனத்தில் கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு சேர்க்கலாம். அழுக்கு முட்டையை அடைக்கு வைக்காமலும், சேகரித்த முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் தேக்காமலும் இருந்தாலே, தொப்புள் நன்றாக மூடிய, மல்லாக்கப் போட்டால் 2 நொடிக்குள் துள்ளி எழும் குஞ்சுகள் கூடுதலாகக் கிடைக்கும்.

வசதியுள்ள பொரிப்பகங்கள் சோதித்துப் பார்க்க விரும்பினால், நுண்ணுயிர் நீக்கப்பட்ட, அளவு அறிந்த சாற்றையே பயன்படுத்த வேண்டும். ஊசி படாத முட்டைகள், தூய உப்புக்கரைசல் மட்டும் செலுத்தியவை, சாறு செலுத்தியவை என மூன்று தொகுதிகளையும் ஒரே ஹேச்சரில் (குஞ்சு பொரியும் கடைசி நாட்களுக்கான இயந்திரத்தில்) வைத்து ஒப்பிட வேண்டும். உப்புக்கரைசல் தொகுதி இல்லாவிட்டால், குஞ்சு இறந்தது சாற்றாலா, துளையிட்டதாலா என்பதைப் பிரித்தறிய வழியே இல்லை.