கம்ப்ரசர் வெடித்து அடிபட்டால் ‘பைக்கில் விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள்

சேலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் லாரி டயர்க் கடைகளில் ஓடும் கம்ப்ரசரை ஒருமுறை குனிந்து பாருங்கள். டேங்க் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து மாதக்கணக்காகியிருக்கும். உள்ளே தண்ணீர் தேங்கி, தகடு துருப்பிடித்து மெலியும். அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வு சீறுகிறதென்று அதையும் யாராவது அடைத்து வைத்திருப்பார்கள். அப்புறம் ஒருநாள் டேங்க் கிழியும்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு இப்படித்தான் ஒரு கண் பார்வை போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே முதலாளி சொல்லிவிட்டார்: “பைக்ல விழுந்தேன்னு சொல்லு தம்பி. செலவை நான் பாத்துக்கறேன்.” அவனும் சொன்னான். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் அது ஏறிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மேஜைக்குப் போனாலும் அந்த ஒரு வரியைத்தான் திருப்பிக் காட்டினார்கள்.

அதனால் எந்தக் கடை, என்ன வெடித்தது என்பதை டூட்டி டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். பேச முடியாத நிலை என்றால் கூட வந்தவர் சொல்லட்டும். பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள்.

வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்பது 1923-லேயே வந்த உரிமை. முதலாளி மீது தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. “உன் கவனக்குறைவு” என்ற பேச்சுக்கெல்லாம் பயப்படாதீர்கள்.

போக வேண்டிய இடம் இரண்டில் ஒன்றுதான். உங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அங்கே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் பெரும்பாலும் இருக்க வேண்டும். “சேர்ந்து ஒரு வாரம்தானே ஆச்சு” என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். பணியிட விபத்துக்கு அந்தக் கணக்குக் கிடையாது.

இஎஸ்ஐ இல்லையென்றால் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனு. “எங்க கடையில மூணு பேர்தான்” என்று முதலாளி சொல்வது இங்கே செல்லாது. பலர் முதலில் ஸ்டேஷனுக்கும், அப்புறம் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு வரிசைக்கும் போகிறார்கள். அந்த மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் தொழிலாளர் துறைக்கே வரும். நேராக அங்கேயே கொடுத்து, சீல் போட்ட நகலோடு திரும்புங்கள்.

தொகையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். முப்பது வயது, மாதச் சம்பளம் 15,000, ஒரு கண் பார்வை முழுக்கப் போய்விட்டது என்றால் சட்டத்தின் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. கணக்குப் போட்டால் சுமார் 5,61,000 ரூபாய் வருகிறது. அந்தப் பையனிடம் 20,000 ரூபாயைக் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். உரிமையை இப்படி எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது. ஆனாலும் போடாதீர்கள், விசாரணையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

சம்பளத்துக்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் ‘மாசம் எட்டாயிரம்தான்’ என்பார்கள். ஜிபே வரவு, வார சம்பளம் எழுதிய நோட்டு, கடை வாட்ஸ்அப் என எதையும் அழிக்காதீர்கள்.

“ஆபரேஷன் முடியட்டும், பேசிக்கலாம்” என்று இழுப்பார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்தைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்கலாம்தான். ஆனால் கண்ணை விட்டுவிட்டு அந்தக் காரணத்தைப் பற்றியே வாய்தா மேல் வாய்தா ஓடும்.