கத்தி பட்டால் பரவுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்குக்கு வந்த அந்த அம்மா, கணவரின் எம்ஆர்ஐ படங்களைச் சந்தைப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தார். கணவர் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சட்டைப் பொத்தான் போட இடது கை வரவில்லை என்றுதான் முதலில் வந்தார். அப்புறம் ஒருநாள் வலிப்பு. மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. ஆப்பரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து சில மாதங்களில் கட்டி மறுபடியும் தெரிந்தது.

"கத்தி வச்சதாலதான் பரவிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர். கையெழுத்துப் போட்டது நான்தானே."

இந்தப் பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். இது உண்மையில்லை.

ரப்பர் தோட்டத்தில் வெள்ளை வேர் நோய் என்று ஒன்று உண்டு. இலை பழுத்து நமக்குத் தெரிய வரும்போது, பூஞ்சை வேர் வழியாகவே பக்கத்து மரத்துக்குப் போயிருக்கும். வாடின மரத்தை வெட்டியதாலா அடுத்த மரத்துக்கு வந்தது? கூட வந்திருந்த கணவரிடமே கேட்டேன். "அது முன்னாடியே போயிருக்கும்" என்றார்.

இந்தக் கட்டியும் அப்படித்தான். மூளைக்குள் நரம்பிழைகள் கட்டுக் கட்டாக ஓடுகின்றன. புற்றுச் செல்கள் அந்த இழைகளை ஒட்டியும், சிறு ரத்தக் குழாய்களின் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டும் ஊர்ந்து போகின்றன. இடுக்கு குறுகலாக இருந்தால், செல் தனக்குள் இருக்கும் உப்பையும் நீரையும் வெளியே தள்ளி உடம்பை ஒடுக்கிக்கொள்கிறது. வழியில் செல்களுக்கு நடுவே இருக்கும் பசைப் பொருளை நொதிகளால் கரைக்கிறது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து மறுபக்கம் போவதும் உண்டு. ஆனால் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போவது மிக அபூர்வம்.

1928இல் வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், இப்படிக் கட்டி வந்து ஏற்கெனவே இடப்பக்கக் கை கால் விழுந்துபோன சிலருக்கு வலது பாதிப் பெருமூளையையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் நோய் தீரவில்லை.

எம்ஆர்ஐயில் சாய மருந்து ஏற்றும்போது, ரத்தக் குழாய்கள் கசியும் இடம்தான் பளிச்சென்று தெரியும். தனித்தனியாக ஊர்ந்துபோன செல்கள் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கசிவு இருக்காது, அதனால் அவை படத்தில் விழுவதில்லை. "முழுசா எடுத்தாச்சு" என்று நாங்கள் சொன்னால், படத்தில் தெரிந்தது முழுவதும் என்று அர்த்தம். இதை விளக்காமல் விடுவது டாக்டர்கள் செய்யும் தவறு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி, ரேடியேஷன் எதற்கு என்று பாதியில் நிறுத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை. கட்டி திரும்பும்போது பெரும்பாலும் பழைய விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்தான் திரும்புகிறது. அதனால்தான் சுற்றியுள்ள பகுதிக்கும் சேர்த்து, வழக்கமாக ஆறு வாரத்தில் 30 முறை கதிர் கொடுக்கிறார்கள். கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. நோய் அடியோடு போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். 2005இல் வெளியான பெரிய ஆய்வில், கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்தவர்களுக்கு 14.6 மாதம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இரண்டரை மாதம். பேரன் பிறக்கப்போகும் வீட்டில் அதன் கணக்கே வேறு.

மூளைக் கட்டி எல்லாம் இப்படி ஊர்வதில்லை. மூளையின் உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மூளையைத் தள்ளி அழுத்துமே தவிர உள்ளே நுழையாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்த கதையையோ இறந்த கதையையோ உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். கட்டியின் பெயர் என்ன என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெரியவர்களுக்கு முதல்முறையாக வலிப்பு வந்தால் தாயத்துக் கட்டலாம், கோயிலுக்கும் போகலாம். அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு கை திடீரென்று வலுவிழந்தாலும் பேச்சு குழறினாலும் உடனே போக வேண்டும். விடிகாலைத் தலைவலியும் வாந்தியும் நாளுக்கு நாள் கூடினாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படங்களைப் பைக்குள் வைத்தார். கிளம்பும்போது கணவர் மெதுவாகக் கேட்டார், "மோட்டார் ஓட்டலாமா டாக்டர்? சாப்பாட்டுக் கடை வரைக்கும்தான்." வலிப்பு வந்தவர் ஓட்டக்கூடாது, சாவி அம்மாவிடம் இருக்கட்டும் என்றேன்.